உளுந்துச் செடியும் ஓடாத காரும்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். பங்குனி மாதம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் மெயின் ரோட்டைப் பிடிக்க ஒரு வாய்க்கால் கரை ரோடு உண்டு. அந்த ரோட்டில், காலை ஏழே முக்கால் மணிக்கு இது நடந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், அன்று நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் பதினைந்து வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். லாரி, டிரெய்லர் என்று பெரிய பெரிய டீசல் வண்டிகளுக்கு அடியிலேயே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவன். ஊருக்குத் திரும்பி வந்து, அந்தச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் ஒரு கார் வாங்கியிருந்தேன். புது மாடல் பெட்ரோல் கார். இதில் கார்புரேட்டரே கிடையாது, எல்லாவற்றையும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று ஷோரூமில் சொன்னார்கள். எங்கள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்குக் கொஞ்சம் மேலேயே ஏறியிருந்தது.

அன்று என் மகளுக்குத் திருச்சியில் இன்டர்வியூ. நர்ஸிங் முடித்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். குவைத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், நைட் டியூட்டி முடித்து வந்து தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தாள். பத்தரை மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வந்து பெயரைப் பதிய வேண்டும், ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விட மாட்டோம் என்று ஏஜென்சிக்காரர் போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

"முதல் பஸ்ஸுல கிளம்பிடலாம்ப்பா" என்றுதான் அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. வாசலில் கார் நிற்கும்போது பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவானேன் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். அவள் போய்ச் சேர வேண்டும் என்பதை விட, என் காரில் போய் இறங்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அவள் அம்மா தவக்கால ஒரு சந்தி நோன்போடு ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஏழரைக்குக் கிளம்பினோம். பத்து நிமிடம் போயிருப்போம். ரோட்டை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சம்பா அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவோம். பங்குனியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன் மேல் ஏறிப் போனால் காய் உடைந்து உளுந்து தானாக உதிர்ந்துவிடும். பிறகு கம்பால் நாலு தட்டுத் தட்டி, தூற்றி அள்ளிக்கொள்வார்கள். சின்ன வயதில் நானும் இப்படிப் பரப்பியவன்தான். ஆனால் அன்று புதுக் காரின் ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

நாலைந்து பெண்கள் கம்பு வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நான் விடாமல் ஹாரன் அடித்தேன். கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா? அறிவு வேண்டாம்?" என்று கத்தினேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

அவர்களில் வயதான அம்மா ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "ஏத்திக்கிட்டுப் போங்க சார், அதுக்குத்தான போட்டிருக்கோம். அந்தாண்ட ஓரமா போங்க. உங்க வண்டி தாழ்வா இருக்கு."

அவர் பக்கத்தில் நின்ற ஒரு இளம்பெண் அதற்குள் ஓடிப்போய் ஒரு ஓரத்துச் செடியைக் காலால் ஒதுக்கி எனக்கு வழி செய்துகொண்டிருந்தாள். இவர்கள் காட்டுகிற வழியில் நான் ஏன் போக வேண்டும்? ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, செடி முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த நடுப்பகுதியிலேயே வேகமாக ஏற்றிக்கொண்டு போனேன். அடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. என் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருநூறு அடி கூடப் போயிருக்க மாட்டோம். கார் இரண்டு தடவை குலுங்கி அப்படியே நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர், கிர்ர்ர் என்று இன்ஜின் நன்றாகவே சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. மறுபடி கிர்ர்ர். செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் முள் பாதிக்கு மேல் காட்டியது. நமக்குத் தெரியாத வித்தையா என்று பானெட்டைத் திறந்தேன். ஒரு பிளக்கைக் கழற்றி, மகளை சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தேன். நெருப்புப் பொறி நன்றாக வந்தது. பிளக் நனையாமல் காய்ந்து கிடந்தது. அப்படியானால் பெட்ரோல் வரவில்லை. இதுவரை சரியாகத்தான் வந்துவிட்டேன். அடுத்ததாக பெட்ரோல் பம்பைப் பார்க்கலாம் என்று இன்ஜினை மேலும் கீழும் தேடினேன். எங்குமே பம்பு இல்லை! பதினைந்து வருட மெக்கானிக், பம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சாவியைத் திருப்புவதுதான். உள்ளே உட்கார்ந்து திருப்பிக்கொண்டே இருந்தேன். மணி எட்டு. அடுத்த பஸ் ஒன்பதே கால். அதில் ஏறினால் பத்தரைக்குத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்க்க முடியும். மகள் சர்டிபிகேட் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். எனக்கு ஓரம் ஒதுக்கிக் கொடுத்த அதே இளம்பெண், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். வந்த வேகத்தில் காருக்கடியில் தண்ணீரை விசிறி ஊற்றினாள்.

நான் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். "ஏய், என்ன பண்ற? புது வண்டி!"

"அடியில புகையுது சார். பாப்பாவை இறங்கச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். காய்ந்த உளுந்துச் செடி ஒரு கட்டளவுக்குக் காருக்கடியில் சுருட்டிக்கொண்டு அடைத்திருந்தது. சூடான சைலன்சர் குழாயின் மேல் படிந்து கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பெட்ரோல் டேங்க் அங்கிருந்து ஒரு சாண் தூரம். மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மற்ற பெண்களும் ஓடிவந்து, செடி தட்டுகிற கம்பாலேயே அடியில் இருந்ததை இழுத்துப் போட்டார்கள். வாய்க்காலில் அங்கங்கே குட்டையாக நின்ற தண்ணீரை மொண்டு இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்கள். புகை அடங்கியது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர்.

"திருப்பாதீங்க சார். பேட்டரி இறங்கிடும்" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கா சொல்லித் தர்ற? பதினஞ்சு வருஷம் மஸ்கட்டுல மெக்கானிக்கு நான்."

"அதுக்கில்ல சார். செல்ஃப் நல்லாத்தான் சுத்துது. அப்ப பேட்டரில குறை இல்ல. இருக்கிற ஒண்ணையும் ஏன் கெடுக்கணும்?"

பத்தரைக்குள் திருச்சியில் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என் மகள் முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினாள். "அப்பா, கொஞ்சம் அவங்க சொல்றதக் கேளுங்களேன்!"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. குடத்தோடு வந்த பெண் அந்த வயதான அம்மாவின் மகள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். ஒரு காருக்குள் ஓடும் அத்தனை வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, பாம்பு மாதிரி நீளமாகக் கட்டி அனுப்புவார்களாம். முதலில் டேப் சுற்றும் வேலையில் இருந்தவளை இப்போது சோதனைப் பலகைக்கு மாற்றியிருக்கிறார்கள். கட்டின வயரைப் பலகையில் மாட்டினால் ஒவ்வொரு வயருக்கும் ஒரு விளக்கு எரிய வேண்டும். எந்த விளக்கு எரியவில்லையோ அந்த வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. நாலு நாள் லீவில் அம்மாவுக்கு உளுந்து பிடுங்க வந்திருந்தாள்.

"இந்த மாதிரி காருல பெட்ரோல் பம்பு பின்னாடி, டேங்குக்குள்ளயே இருக்கும் சார். கரண்ட்டுல ஓடுறது" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் பம்பைத் தேடிய இடமே தப்பு. "சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க. ரெண்டு செகண்டு பம்பு ஓடுற சத்தம் கேக்கணும்."

"எப்படிச் சத்தம் கேக்கும்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நான் கேட்டதில்ல சார். டிரெய்னிங் வகுப்புல ஒரு சார் சொன்னாரு. அவ்வளவுதான் தெரியும்."

ரோட்டில் மற்ற பெண்கள் திரும்பிப் போய்ச் செடி தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் அங்கிருந்தே, "யம்மா, செத்த நேரம் தட்டாம இருங்க!" என்று குரல் கொடுத்தாள். அத்தனை கம்பும் நின்றது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் கூட இறங்கி நின்றுவிட்டார். அவள் பின் சீட்டை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு தலையசைத்தாள். சாவியைப் போட்டேன். டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

"பம்புக்குக் கரண்ட்டு போகல" என்றாள். "ஃபியூஸ் பாருங்க சார்."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி. மூடியில் எழுதியிருந்ததை என் மகள் படித்துச் சொன்னாள். பம்பின் ஃபியூஸை உருவிப் பார்த்தால் நடுவில் அறுந்து கருகியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவுதானா என்று, அதே அளவில் இருந்த ரேடியோ ஃபியூஸை உருவி அந்த இடத்தில் செருகப் போனேன்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க. ஃபியூஸ் சும்மா எரியாது. எதுனால எரிஞ்சுதுன்னு பாத்துட்டு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் செருகி, சாவியையும் போட்டுவிட்டேன். டப் என்று சின்னதாக ஒரு சத்தம். ரேடியோ ஃபியூஸும் போய்விட்டது. இப்போது கையில் செத்த ஃபியூஸ் இரண்டு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கம்பெனியில் என்னைப் போன்ற எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ, மறுபடி முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னாள். பம்புக்குப் போகிற வயர் எங்கேயோ காரின் இரும்பைத் தொடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பத்து ஃபியூஸ் போட்டாலும் பத்தும் போகும்.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை அடியில் முட்டுக் கொடுத்தேன். அந்த வேலையாவது எனக்குச் சரியாக வந்தது. பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். ஒரு சாக்கை ரோட்டில் விரித்து, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் காருக்கடியில் நுழைந்தாள். கீழே தண்ணீரும் கரியும் கலந்து சேறாகக் கிடந்தது. அடைத்திருந்த மிச்சச் செடியை ஒவ்வொன்றாகப் பிய்த்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். மணி எட்டு இருபது.

"ஆச்சா?" என்றேன். "பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்று அடியிலிருந்து பதில் வந்தது. ஒரு நிமிடம் கழித்து, "இன்னும் ஆகலையா?" என்றேன். செடி பிய்க்கும் சத்தம் மட்டும்தான் வந்தது. பொறுக்க முடியாமல் ஷூ காலால் தரையைத் தட்டினேன். தட்டிய இடத்தை ஒட்டி அவள் தலை இருந்தது. ஷூவுக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே நாலு விரற்கடைகூட இருக்காது. அவள் சட்டென்று தலையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

மஸ்கட்டில் கொதிக்கிற வெயிலில் நான் லாரிக்கு அடியில் படுத்திருப்பேன். கண்ணுக்குத் தெரிவது வண்டிக்காரரின் ஷூ மட்டும்தான். அது இப்படித்தான் தரையைத் தட்டும். "ஆச்சா? இன்னும் ஆகலையா?" தட்டத் தட்ட மணல் பறந்து கண்ணில் விழும். நான் தலையை நகர்த்திக்கொள்வேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒருநாள் கூட அவர்களில் யாரும் குனிந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த ஷூவைப் பதினைந்து வருடம் சபித்தவன் நான். இப்போது அது என் காலில் இருந்தது.

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். இன்டர்வியூ நடக்கும் ஹோட்டலுக்காக இஸ்திரி போட்டு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு அந்தச் சேற்றில் படுத்து, நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். அவள் பதறிப்போய், "சட்டை பாழாயிடும் சார், நீங்க ஏன் வர்றீங்க?" என்றாள்.

"என்ன பிடிக்கணும், சொல்லும்மா" என்றேன்.

அவள் விரலால் காட்டினாள். டேங்குக்குப் போகும் வயரைச் செடிக்கொத்து சுற்றி இழுத்து, மாட்டியிருந்த கொக்கியிலிருந்து கழற்றிவிட்டிருந்தது. தொங்கிய வயர் சைலன்சர் மேல் விழுந்து, மேல்தோல் உருகி, உள்ளே இருந்த செம்பு பளபளவென்று தெரிந்தது. கார் நின்றதும், ஃபியூஸ் இரண்டும் போனதும் இதனால்தான். நான் பிடித்துக்கொள்ள, அவள் கருகிய பகுதியை என் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்தாள். இரண்டு முனையையும் பல்லால் கூடத் தொடாமல் நகத்தால் லாவகமாக உரித்து, முறுக்கிச் சேர்த்தாள்.

அதன் பிறகு என் டூல் பெட்டியில் இருந்த டேப்பை எடுத்துச் சுற்றினாள் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நானும் ஆயிரக்கணக்கான வயர்களுக்கு டேப் சுற்றியிருக்கிறேன். ஏதோ காயத்துக்குத் துணி சுற்றுவது போல மொத்தையாகச் சுற்றுவேன். அவள் விரல்கள் போன வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் சரிபாதி ஏறியது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இடைவெளி இல்லை. அந்த இருட்டில், மல்லாந்து படுத்தபடி, முகத்தில் கரித்தண்ணீர் சொட்டச் சொட்ட. முடித்துவிட்டு வயரை சைலன்சர் பக்கமே வராதபடி மேலே தூக்கி, சாக்குத் தைக்கிற சணலால் கட்டினாள். கட்டிய இடத்தை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

"தினமும் எத்தனையோ காருக்கு வயர் கட்டி அனுப்புறோம் சார். அது காருக்குள்ள எங்க போகுது, எப்படி ஓடுதுன்னு பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். படுத்தபடியே அந்த வயர் போகும் பாதையை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை கண்ணால் தடவுகிற மாதிரி பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து பார்த்தேன்.

இருவரும் வெளியே வந்தோம். ஒரு ஃபியூஸ் வேண்டும். எதை எடுப்பது? அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஹாரன் ஃபியூஸ் இதே அளவுதான். திருச்சி வரைக்கும் ஹாரன் இல்லாம போயிடுவீங்களா சார்?" என்றாள். முகத்தை என்னவோ அப்பாவியாகத்தான் வைத்திருந்தாள். அவள் அம்மா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பேட்டரி வயரை மாட்டினேன். டிரைவர் சீட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க, நீங்களே சாவியைப் போடுங்க" என்றேன். அவள் தயங்கினாள். சீட்டில் சேறு ஒட்டிக்கொள்ளும் என்றாள். என் மகள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அதுவரை எந்தக் காரிலும் அவள் உட்கார்ந்ததே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுபடியும் கம்புகள் நின்றன. அவள் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினாள்.

பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு செகண்டு. நின்றது. ஒரு தேனீ வந்துபோன மாதிரி அவ்வளவு சின்ன சத்தம். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததே, நான் எத்தனையோ இன்ஜின்களை ஓடவைத்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. "கேட்டுச்சா சார்? அதான்! டிரெய்னிங்ல அந்த சார் சொன்னது அதான்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். பிறகு சாவியை முழுதாகத் திருப்பினாள். ஒரே சுற்றில் கார் பிடித்துக்கொண்டது.

மணி எட்டு முப்பத்தைந்து. நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்காமல் அவர்களே எங்களை விரட்டினார்கள். "பாப்பாவுக்கு நேரமாவுது, கிளம்புங்க" என்று அந்த வயதான அம்மா காரின் முதுகில் தட்டினார். ஹாரன் இல்லாமல் தஞ்சாவூரைக் கடந்து திருச்சி போய்ச் சேர்ந்தேன். எதிரே மாடு வந்தால் நின்றேன், ஆடு வந்தால் நின்றேன், வழி விடும்வரை காத்திருந்தேன். பத்து இருபதுக்கு மகளை ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டேன். அவள் உள்ளே ஓடினாள். என் சட்டையைப் பார்த்த செக்யூரிட்டி என்னைப் படியேறவே விடவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்து நிழலில் மதியம் வரை நின்றேன். ஒரு வருத்தமும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது மணி நாலரை. அதே இடத்தில் அவர்கள் உளுந்தைத் தூற்றி முடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து போனேன். அந்த வயதான அம்மாவிடம், "காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "அத விடுங்க சார். எங்க உளுந்து ரெண்டு படி உங்க காரோட திருச்சிக்குப் போயிட்டு வந்திருக்கும். அடியில கை விட்டுத் தொழாவிப் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எரிந்துபோன அந்த ஃபியூஸ் இரண்டையும் தரச் சொன்னாள். கம்பெனியில் தன்னோடு பலகையில் நிற்கும் பெண்களுக்குக் காட்ட வேண்டுமாம். "ஒரு வயரு தோலு போனா என்ன ஆவும்னு அவங்களுக்கும் தெரியணும்ல சார்" என்றாள். முந்தானை முனையில் அவற்றை முடிந்துகொண்டாள்.

மகளுக்குக் குவைத் வேலை கிடைத்தது. முதல் பட்டியலில் பெயர் இல்லை, ஒரு மாதம் கழித்து வந்த இரண்டாவது பட்டியலில் இருந்தது. போய் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தாள். அந்தக் காரை நான் விற்கும்போது கூட, சணலால் கட்டிய அந்த இடம் அப்படியேதான் இருந்தது. ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "யார் சார் சுத்தினது? கம்பெனி வேலை மாதிரி இருக்கே" என்று கேட்டார். கம்பெனி வேலைதான் என்றேன்.

ஓடாமல் நின்ற ஒரு காருக்கு என்ன கோளாறு என்று அந்தப் பெண் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்து வருடம் வண்டிகளுக்கடியில் கிடந்த ஒருவன், மேலே ஏறி உட்கார்ந்த மூன்றே மாதத்தில் கீழே இருப்பவரின் முகத்தை மறந்துபோனது எந்தக் கோளாறினால் என்பதை, நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.